புதுமுகப் பரிசு யாருக்கு?

சென்ற திங்கள் நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் உணவு முடிந்து, பெரியவர்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி அமர்ந்திருந்தனர். அவ்வமயம் அடுத்த அறையிலிருந்து உரத்த குரல்கள் எழுந்தன. பிள்ளைகளுக்குள் ஏதோ பூசல் என்று எண்ணி எழுந்து சென்று பார்த்தோம். பூசல்தான். ஆயினும் அதன் காரணம் இவ்வூரிலும் இல்லை. நம் சொந்த ஊரிலும் இல்லை. அமெரிக்க நாட்டில் 2024-ஆம் ஆண்டிலேயே கொடுத்து முடித்துவிட்ட ஒரு கூடைப்பந்துப் பரிசைப் பற்றிக் கல்லூரி மாணவி ஒருத்தியும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் எதிரெதிரே நின்று வழக்காடிக் கொண்டிருந்தனர்.

“கிளார்க்குக்குக் கொடுத்ததில் என்ன குறை, அக்கா? அந்த ஆண்டு அவரைப் போல் ஆடிய புதியவர் யார்?” என்றாள் இளையவள்.

“ஏன், ரீஸ் ஆடவில்லையா? பந்தைக் கூடையில் போடுவது மட்டுந்தான் ஆட்டமோ?” என்றாள் மூத்தவள்.

நமக்குப் பின்னால் வந்து நின்ற முதியவர் ஒருவர் தலையை அசைத்து, “அங்கே யார் பந்து போட்டால் நமக்கென்ன ஐயா? நம் பிள்ளைகள் தமிழில் நான்கு வரி பிழையின்றி எழுதினால் போதாதா?” என்று கேட்டார்.

பெரியவரின் கவலை நமக்கு விளங்காமலில்லை. ஆயினும் கூடைப்பந்து நம் பெண்களுக்கு அயலான ஆட்டமன்று. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை அவர்கள் இந்தியப் பெண்கள் அணியின் தலைவியாக விளங்கியவர். 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அது நிற்க, அந்தப் பெண்கள் எழுப்பிய வினா வெறும் பந்தாட்ட வினாவும் அன்று. புதிதாய் ஓரிடத்திற்கு வந்தவரை முதலாண்டிலே எப்படி மதிப்பிடுவது என்பதே அதன் உட்பொருள். ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நம்மைப் போன்றவர்க்கு அதனினும் நெருங்கிய வினா வேறுண்டோ? இதனை எடுத்துப் பேச நமக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்.

முதலில் வழக்கை விளங்கிக் கொள்வோம்.

அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்து லீக் 1996-இல் நிறுவப்பெற்று, 1997 ஜூன் திங்களில் ஆட்டத்தைத் தொடங்கியது. டபிள்யூ.என்.பி.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோடைக் காலத்தில் நமக்கு விடியற்காலை நான்கரை மணிக்கு வந்து சேருகிறது. நம் வீடுகளில் சில பெண்கள் பால்காரர் வருமுன்னரே விழித்திருப்பதன் மருமம் இதுவே என்று தாய்மார்கள் அறிக.

கல்லூரி ஆட்டத்தை முடித்த பெண்களை லீக்கின் குழுக்கள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. இதனை டிராஃப்ட் என்பர். முந்தைய ஆண்டுகளில் மிகுதியும் தோற்ற குழுக்களுக்கே பெரும்பாலும் முன்வரிசை கிடைக்கும். எனவே மிகத் திறமை வாய்ந்த புதியவள் மிக நலிந்த குழுவிற்கே போய்ச் சேருவது வழக்கம். இவ்வாறு வந்தவர்களுள் முதலாண்டில் சிறந்து ஆடியவருக்கு ஒரு பரிசு உண்டு. விளையாட்டு எழுத்தாளரும் ஒலிபரப்பாளரும் அடங்கிய குழு வாக்களித்து அதனை முடிவு செய்கிறது. லீக்கின் முதலாண்டில் இப்பரிசு வழங்கப்படவில்லை. எல்லாருமே புதியவராய் இருந்த ஆண்டில் யாரைப் புதியவர் என்பது? 1998-இல் ஷார்லட் குழுவின் ட்ரேசி ரீட் என்பவர் முதன்முதலாக இதனைப் பெற்றார்.

2024-ஆம் ஆண்டு டிராஃப்டில் முதலாவதாக இண்டியானா குழுவிற்குச் சென்றவர் கெய்ட்லின் கிளார்க். ஏழாவதாகச் சிகாகோ குழுவிற்குச் சென்றவர் ஏஞ்சல் ரீஸ். இருவரும் லீக்கிற்குப் புதியவரே யன்றி ஒருவருக்கொருவர் புதியவர் அல்லர். 2023-ஆம் ஆண்டுக் கல்லூரி இறுதியாட்டத்தில் ரீஸின் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம், கிளார்க்கின் அயோவா பல்கலைக்கழகத்தை 102-85 என்ற கணக்கில் வென்றது. அடுத்த ஆண்டு இடைச்சுற்றில் மீண்டும் சந்தித்தபோது அயோவா 94-87 என்று பழி தீர்த்துக் கொண்டது. ஆகவே தொழில்முறை ஆட்டத்திற்கு இருவரும் வந்தபோதே இருவரின் ஆதரவாளர்களும் அணிவகுத்து உடன் வந்தனர்.

இனிக் கணக்கைப் பார்ப்போம்.

கிளார்க்கின் கட்சியார் கூறுவன இவை. பருவத்தின் 40 ஆட்டங்களிலும் அவர் ஆடினார். ஆட்டத்திற்குச் சராசரி 19.2 புள்ளிகள் எடுத்தார். தோழியர் கூடையில் இடுவதற்கேற்பப் பந்தை அளிப்பதை அசிஸ்ட் என்பர். அது சராசரி 8.4. பருவம் முழுமைக்கும் 337. அதற்குமுன் அந்த லீக்கில் புதியவர் பழையவர் எவரும் ஒரு பருவத்தில் அத்தனை அளித்ததில்லை. ஜூலை 17-இல் டல்லாஸ் குழுவிற்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 19 முறை அளித்து அதிலும் முன்னவரை யெல்லாம் கடந்தார். மூன்று புள்ளி தரும் தொலைதூர எறிதலில் 122 முறை வென்றார். அதுவரை புதியவர் எவரும் 85-ஐத் தாண்டியதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, 2023-இல் 40 ஆட்டங்களில் 13-இல் மட்டுமே வென்ற இண்டியானா, 2024-இல் 20-இல் வென்று, 2016-க்குப் பின்னர் முதன்முறையாகத் தகுதிச் சுற்றைத் தாண்டி அடுத்த கட்டத்தில் நுழைந்தது.

ரீஸின் கட்சியார் வெறுங்கையோடு வரவில்லை. எறிந்த பந்து குறி தவறி வளையத்தில் பட்டு மீளும்போது அதனைப் பாய்ந்து பற்றுவதை ரீபவுண்டு என்பர். இஃது உடல் நோகும் வேலை. முழங்கைகளுக்கும் தோள்களுக்கும் இடையே புகுந்து செய்ய வேண்டுவது. ரீஸ் ஆட்டத்திற்குச் சராசரி 13.1 ரீபவுண்டுகள் எடுத்தார். லீக்கின் வரலாற்றில் அதற்குமுன் எவரும் அந்தச் சராசரியை எட்டியதில்லை. புள்ளியிலும் சராசரி 13.6. இரு துறைகளிலும் ஒரே ஆட்டத்தில் பத்தோ அதற்கு மேலோ எடுப்பதைத் தனிச் சாதனையாகக் கருதுவர். அதனை அவர் 26 ஆட்டங்களில் செய்தார். அவற்றுள் 15 ஆட்டங்கள் இடையறாது தொடர்ந்தவை. செப்டம்பர்த் தொடக்கத்தில் மணிக்கட்டில் அடிபட்டு, கடைசி ஆறு ஆட்டங்களில் ஆடாமல் விலக நேர்ந்தது.

கணக்கு என்பது நாக்கில்லாத சாட்சி. கேட்பவர் கேட்கும் வகையில் அது விடை கூறும். ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். புதியவர் ஒருவர் ஒரு பருவத்தில் எடுத்த மொத்தப் புள்ளிகளில் கிளார்க்கின் 769 என்பது முந்தைய எல்லையைக் கடந்தது. அந்த முந்தைய எல்லை, 2006-இல் சிமோன் அகஸ்டஸ் எடுத்த 744. ஆனால் அகஸ்டஸ் ஆடிய காலத்தில் ஒரு பருவத்திற்கு 34 ஆட்டங்களே. அவர் சராசரி 21.9. கிளார்க்குக்கோ 40 ஆட்டங்கள். மொத்தத்தில் கிளார்க் முந்தினார்; சராசரியில் அகஸ்டஸ் முந்தியே நிற்கிறார். ரீஸின் கணக்கில் இச்சிக்கல் இல்லை. புதியவர்களுள் இரு துறைப் பத்துகளை அதுவரை மிகுதியாக எடுத்திருந்தவர் டினா சார்ல்ஸ். 2010-இல் 34 ஆட்டங்களில் 22. அடிபட்டு விலகியதால் ரீஸ் ஆடியதும் அதே 34 ஆட்டங்கள். எண்ணிக்கை 26. ஒரே தராசில் ஒரே படிக்கல்லால் நிறுத்தாற்போல் இவ்வொப்பீடு அமைந்துவிட்டது. கல்லூரி மாணவியின் கட்சியில் இஃது ஒரு நல்ல வாதம் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குறைகளும் இருபுறமும் உண்டு. கிளார்க் எதிராளியிடம் பந்தை இழந்தது 223 முறை. ஒரு பருவத்தில் அதற்குமுன் எவரும் அத்தனை முறை இழந்ததில்லை. முதல் ஆட்டத்திலேயே பத்து முறை இழந்தார். அவர் குழுவும் முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் தோற்றது. ரீஸ் எறிந்த பந்துகளில் பத்துக்கு நான்கிற்கும் குறைவானவையே கூடையில் விழுந்தன. கூடைக்கு மிக அருகில் நின்று எறிபவருக்கு இது குறைந்த அளவே. தாம் தவறவிட்ட பந்தைத் தாமே பற்றிக் கணக்கைப் பெருக்கிக் கொண்டார் என்று எள்ளியவரும் உளர். அவர் குழுவான சிகாகோ 40-இல் 13 மட்டுமே வென்று அடுத்த கட்டத்தை இழந்தது.

முடிவு அக்டோபர் திங்களில் வெளியாயிற்று. 67 வாக்குகளில் 66 கிளார்க்குக்கு. எஞ்சிய ஒன்று ரீஸுக்கு.

இவ்வளவு தெளிவான முடிவிற்குப் பின்னும் வழக்கு ஓயாதது ஏன்? இதே பரிசு 2019-இல் எவ்வாறு தீர்ந்தது என்பதை நோக்கினால் அது விளங்கும்.

அவ்வாண்டு போட்டியிட்டவர் இருவர். டல்லாஸ் குழுவின் ஆரிக்கே ஒகுன்போவாலே சராசரி 19.1 புள்ளிகள் எடுத்தார். புதியவர்களுள் மட்டுமன்று, லீக் முழுவதிலுமே அவர் மூன்றாமிடத்தில் இருந்தார். மின்னசோட்டா குழுவின் நஃபீசா காலியர் எடுத்தது 13.1 புள்ளிகளே. ஆனால் காலியர் எறிந்தவற்றில் ஏறத்தாழப் பாதி கூடையில் விழுந்தன. பந்தைப் பற்றுதல், பறித்தல், எதிராளியைத் தடுத்தல் ஆகிய எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. அவர் குழு 34-இல் 18 வென்று அடுத்த கட்டம் புகுந்தது; டல்லாஸ் 10 வென்று வெளியேறியது. 43 வாக்குகளில் 29 காலியருக்கு, 14 ஒகுன்போவாலேக்கு.

நேயர்கள் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும். புள்ளியே அளவுகோல் என்றால் 2019-இல் ஒகுன்போவாலேக்கன்றோ பரிசு போயிருக்க வேண்டும்? ஆட்டத்தின் கடின வேலைகளே அளவுகோல் என்றால் 2024-இல் ரீஸுக்கு ஒரே ஒரு வாக்குத்தானா? குழுவின் வெற்றியே அளவுகோல் என்றால் இரு ஆண்டுகளின் முடிவும் பொருந்தும். ஆனால் 2025-இல் 44 ஆட்டங்களில் 10 மட்டுமே வென்ற டல்லாஸ் குழுவின் பேஜ் பெக்கர்ஸ் அப்பரிசைப் பெற்றாரே! ஆக, பரிசின் பெயர் ஒன்றாயினும் வாக்களிப்போர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் வினா ஆண்டுதோறும் சற்றே மாறுகிறது. வினாவை முதலில் நாட்டாமல் விடைக்கு வழக்காடுவதே பூசலின் வேர்.

“புதியவர்” என்ற சொல்லும் அத்துணை எளிதன்று. 2024-இல் வாஷிங்டன் குழுவில் முதன்முறையாக ஆடிய பெல்ஜிய நாட்டினர் ஜூலி வான்லூவுக்கு அப்போது அகவை 31. ஐரோப்பாவில் பல்லாண்டு தொழில்முறையாக ஆடியவர் அவர். நியூயார்க் குழுவின் ஜெர்மானியர் லியோனி ஃபீபிஷும் அவ்வாறே ஐரோப்பாவில் பெயர் பெற்ற பின்னரே வந்தவர். அவ்வாண்டின் சிறந்த புதியவர் ஐவருள் ஒருவராகத் தேர்வு பெற்றார். ஆட்டத்திற்குப் பழையவர், இடத்திற்குப் புதியவர்! நம் இல்லத்தரசியருள் எத்தனை பேர் இந்நிலையை அறிவர்! இருபதாண்டு சமைத்த கை, இவ்வூர்க் கடையில் பருப்பின் பெயர் தெரியாமல் விழித்த நாளை எவர் மறப்பர்?

2020-இல் நிகழ்ந்ததையும் குறிப்பிட வேண்டும். அவ்வாண்டு டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான சப்ரினா அயனெஸ்கு மூன்றாவது ஆட்டத்திலேயே கணுக்காலில் அடிபட்டு விலகினார். பரிசைப் பெற்றவர் மின்னசோட்டாவின் கிறிஸ்டல் டேஞ்சர்ஃபீல்ட். அவர் பதினாறாவதாக, இரண்டாம் சுற்றில் தேர்வானவர். இரண்டாம் சுற்றிலிருந்து வந்து இப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே. வரும்போது இருந்த வரிசை, ஆண்டு முடியும்போது நிலைப்பதில்லை.

நிற்க. கிளார்க், ரீஸ் வழக்கில் நம்மை வருத்துவது வேறொன்று. கிளார்க் வெள்ளையர், ரீஸ் கறுப்பினத்தவர். அந்த லீக்கில் ஆடுவோருள் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்களே. பந்தைப் பற்றிய பேச்சு நாளடைவில் பந்தை விட்டு நிறத்தின்மேல் தாவிற்று. ஒருவரைப் புகழ்வதற்கு மற்றவரை இகழ்வதே வழி என்று கருதியவர் இருபுறமும் பெருகினர். 2024 செப்டம்பரில், இண்டியானாவும் கனெக்டிகட்டும் மோதிய சுற்று முடிந்தபோது, ஆட்டக்காரியர்மேல் வீசப்படும் இனவெறிச் சொற்களையும் அச்சுறுத்தல்களையும் கண்டித்து லீக் அறிக்கை வெளியிட நேர்ந்தது. இருபத்திரண்டு அகவைப் பெண்கள் இருவர் நன்றாக ஆடியதற்கு ஊரார் அளித்த கைம்மாறு இது!

“யார் தகுதியுடையவர்?” என்ற வினா நல்ல வினா. அது நம்மை ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கச் செய்யும். புகழ் பெறாத வேலையையும் காணச் செய்யும். “யார் நம்மவர்?” என்ற வினா அதன் இடத்தில் வந்து அமர்ந்தால் ஆட்டமே கண்ணுக்குத் தெரியாமற் போகும். அயலிடத்தில் வாழும் நாம் இதனை நூலில் படித்து அறிய வேண்டியதில்லை. நம் பிள்ளை முதல் மதிப்பெண் பெற்றால் “திறமை” என்றும், அயலார் பிள்ளை பெற்றால் “ஆசிரியரின் தயவு” என்றும் நம் கூடங்களிலும் பேச்சு எழாமலில்லை. நம்மைப் பற்றியும் பிறர் அவ்வாறே பேசியதுண்டு. இருபுறமும் பட்டறிந்தவர் நாம்.

நம் தீர்ப்பு என்னவென்று அந்தப் பெண்கள் இருவரும் கேட்டனர். நழுவாமல் கூறிவிடுகிறோம். 68-ஆவது வாக்கு நம் கையில் இருந்திருப்பின் அதனைக் கிளார்க்குக்கே இட்டிருப்போம். பந்தைக் கொண்டு செல்லும் பொறுப்பு முழுவதும் முதல் நாளிலேயே அவர்மேல் விழுந்தது. 223 முறை இழந்ததும் அதனால். 337 முறை அளித்ததும் அதனாலேயே. குடம் சுமப்பவள் மேல்தான் நீர் சிந்தும். முதல் ஒன்பதில் எட்டுத் தோல்வி கண்ட குழு பருவ முடிவில் 20-க்கு 20 என்று நிமிர்ந்தது. அந்த ஓராண்டிற்குள்ளேயே அவர் கற்றுக்கொண்டதை அது காட்டுகிறது. புதியவர் பரிசு என்பது அந்த வளர்ச்சிக்குரியது என்பது நம் கருத்து. லீக் முழுவதற்குமான சிறந்த ஐவரிலும் அவர் இடம் பெற்றார். 2008-இல் கேண்டஸ் பார்க்கருக்குப் பின் புதியவர் எவரும் அவ்விடத்தைப் பெற்றதில்லை.

ஆயினும் அந்த ஒற்றை வாக்கை நாம் எள்ள மாட்டோம். ரீபவுண்டே ஆட்டத்தின் உயிர்நிலை என்று உண்மையாய் நம்பி ஒருவர் அதனை இட்டிருக்கலாம். அவர் கணக்கிலும் பிழையில்லை. பரிசு ஒருவருக்கே போகும். மதிப்பு இருவருக்கும் உரியது. 2019-இல் பரிசை இழந்த ஒகுன்போவாலே அடுத்த ஆண்டே லீக்கில் மிகுதியான புள்ளிச் சராசரி பெற்றவராய் விளங்கினார். 2024 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரில் நடந்த நட்சத்திர ஆட்டத்தில் 34 புள்ளிகள் எடுத்துச் சிறந்த ஆட்டக்காரியாகவும் தேர்வு பெற்றார். அன்று அவருடைய அணியில் உடன் ஆடிய புதியவர் இருவர்; கிளார்க்கும் ரீஸுமே அவர்கள். எதிரணி, ஒலிம்பிக்குக்குப் புறப்படவிருந்த அமெரிக்க நாட்டு அணி. கிளார்க் பந்தை அளிக்க, ரீஸ் அதனை வாங்கிக் கூடையில் இட்டார். கிளார்க்குக்கு அன்று பத்து அசிஸ்டுகள்; ரீஸுக்குப் பன்னிரண்டு புள்ளிகளும் பதினொரு ரீபவுண்டுகளும். அவர்கள் அணி 117-109 என்று வென்றது. ஊரெல்லாம் எதிரிகள் என்று பேசிய இருவருக்கிடையே அன்று பந்து தடையின்றிச் சென்று வந்தது.

இனி, நம் சொந்தக் காரணத்திற்கு வருவோம்.

சென்ற ஆண்டு நம் சங்கத்து விளையாட்டு விழாவில் பெண்கள் கூடைப்பந்தும் நடந்தது நினைவிருக்கலாம். சிறந்த புதுமுகத்திற்கு ஒரு கோப்பை வைத்திருந்தோம். நடுவராய் அமர்ந்த மூவருள் நாமும் ஒருவர். மிகுதியான புள்ளி எடுத்த பெண்ணுக்கு ஐந்து நிமிடத்தில் கோப்பையைக் கொடுத்து முடித்தோம். தந்தைக்கு மாற்றலாகி மதுரையிலிருந்து அவ்வாண்டுதான் வந்திருந்த மற்றொரு பெண், ஆட்டம் முழுதும் தவறிய பந்துகளைப் பாய்ந்து பற்றித் தோழியருக்கு அளித்துக் கொண்டிருந்தாள். முழங்கால் சிராய்த்து இரத்தம் கசிந்ததும் நினைவில் இருக்கிறது. அவள் பெயர் எங்கள் பேச்சில் எழவே இல்லை.

மறுவாரம் அவள் தாயாரை அங்காடியில் கண்டோம். அந்த அம்மையார் குறை கூறவில்லை. “எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று முன்னரே சொல்லியிருந்தால், அவளும் ஆறுதல் கொண்டிருப்பாள் ஐயா. தான் செய்தது ஆட்டமே இல்லை போலும் என்று எண்ணிக் கொண்டிருக்கிறாள்” என்று மட்டுமே சொன்னார். அதற்கு நம்மிடம் விடையில்லை. கொடுத்த முடிவு தவறென்று இன்றும் நாம் கூறவில்லை. கோப்பையைப் பெற்ற பெண் நன்றாகவே ஆடினாள்; அவள் மகிழ்ச்சியை இப்போது குறைப்பதும் முறையன்று. வினாவை அறிவிக்காமல் விடையை அறிவித்தோம் என்பதே நம் குற்றம். அந்தப் பெண் அதன்பின் பயிற்சிக்கு வரவில்லை.

ஆகவே இவ்வாண்டு விழாக் குழுவினரிடம் மூன்று செய்திகளைக் கூறி, அவர்கள் இசைவையும் பெற்றுள்ளோம். ஒன்று, எந்தப் பரிசு எதற்காக என்பது ஆட்டம் தொடங்குமுன் பலகையில் எழுதப்படும். இரண்டு, புள்ளியோடு ரீபவுண்டையும் அசிஸ்டையும் பறித்த பந்தையும் குறிக்க ஏடும் எழுதுகோலுமாய் இருவர் அமர்வர். வழக்காடிய அந்தப் பெண்கள் இருவருமே அப்பணியை ஏற்றுள்ளனர். மூன்று, பரிசு பெற்றவர் பெயரோடு, பெறாதவர் செய்தவற்றையும் மேடையில் படிப்போம். படிக்க இரண்டு நிமிடம் கூடுதலாகும். தலைவர் உரையில் அதனைக் குறைத்துக் கொள்ளலாம் என்று தலைவரே சொல்லிவிட்டார்.

“நமக்கென்ன?” என்று கேட்ட முதியவர், பலகையில் எழுதும் வேலையைத் தமக்கு ஒதுக்குமாறு கேட்டுள்ளார். தமிழில் பிழையின்றி எழுதப்படும் என்பதற்கு அதுவே உறுதி.

பயிற்சி வழக்கம்போல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு. மதுரைப் பெண்ணின் வீட்டார்க்கு அண்மையில் வாழும் அன்பர்கள், போகும் வழியில் அவளையும் ஒரு சொல் அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம். நாம் சென்று அழைத்தோம்; “பார்க்கலாம், மாமா” என்றாள். இன்னொருவரும் அழைத்தால் வருவாள் என்று தோன்றுகிறது.